உறங்கிக் கிடந்த நிலத்துக்கு நான் பூசிய பழுப்பு

போன மாதம் எங்கள் பழைய டிரெயினிங் ஸ்கூலிலிருந்து ஒரு இளம் ஆசிரியை என்னைத் தேடி வந்தாள். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் மலைக்குடிகளுக்குப் போய், அந்த மக்கள் சொல்லித் தருகிறபடி, அவர்கள் நிலத்தில் நின்றே படிக்க வேண்டும் என்று புதிய பாடத்திட்டத்தில் வந்திருக்கிறதாம். "டீச்சர், நீங்க அந்தக் காலத்திலேயே இதைச் செஞ்சிருக்கீங்களாமே. எப்பிடித் தோணிச்சுன்னு பிள்ளைகளுக்கு ஒரு அரை மணிக்கூர் பேசணும்" என்றாள். "தோணவும் இல்ல ஒண்ணும் இல்ல மக்களே, தப்பு செஞ்சேன்" என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மேடையில் நின்று இதைச் சொல்ல எனக்கு நாக்கு வளையாது. அதனால் எழுதித் தருகிறேன். வயதானவள் எழுதுவது, கொஞ்சம் அங்கே இங்கே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலையாள எல்லையோரத்து ஆரியங்கோட்டில் பிறந்தவள். அப்பா மிஷன் சபையில் உபதேசியார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஜெபம் மட்டும் இரண்டிலும். படிப்பு, டிரெயினிங், மூன்று பள்ளிக்கூடங்களில் வேலை எல்லாம் ஊரில் எல்லாருக்கும் நடந்ததுபோல எனக்கும் நடந்தன. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருந்த மண் இன்னொருவருடையது. நிலச் சட்டம் வந்து, வீடு நின்ற பத்து சென்ட் எங்கள் பேருக்கு எழுதிக் கிடைத்த அன்று, அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மண்ணை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. யாருக்கும் பசிக்கவும் இல்லை. மண் கிடைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில் இருந்த அந்த டிரெயினிங் ஸ்கூலில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது வளைகுடாக் காலம் தொடங்கியிருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அண்ணனோ மச்சானோ துபாயில் இருந்தான். வகுப்பே வெளிநாட்டுப் பவுடர் மணக்கும். பையன்கள் ஒரு கண்ணைப் பாடத்திலும் ஒரு கண்ணைத் தபால்காரர் மேலும் வைத்துப் படித்தார்கள். என் கணவரும் அங்கேதான் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை கேசட்டில் அவர் குரல் வரும். அதைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாதிப் பேச்சு காதில் விழாது, நான் வேறெங்கோ போயிருப்பேன். கனவு காண்கிறவள் என்று வீட்டில் எனக்குப் பேர். பொய்யில்லை. அழகான சொல் ஒன்று கேட்டால் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது சொல்ல வந்த விஷயத்தை விட்டுவிடுகிற புத்தி எனக்கு.

எங்கள் தலைமை ஆசிரியர் தேவசகாயம் சார். பெரிய சார் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனால் நோக்கம், துணைக்கருவி, வினாக்கள் எதையும் முதலில் பார்க்க மாட்டார். நேரே 'முன்னறிவு' என்ற கட்டத்துக்குப் போவார். இன்றைய பாடத்தைப் பற்றிப் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று எழுத வேண்டிய இடம் அது. சோம்பேறிகள் அங்கே 'ஒன்றும் தெரியாது' என்று எழுதுவார்கள். சார் சிவப்பு மையில் 'யார் சொன்னது?' என்று எழுதிக் குறிப்பு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். விளக்கம் கிடையாது. பையன்கள் அவருக்கு வைத்த பேரே 'யார் சொன்னது சார்'.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தை ஆராய்ந்து வரைபடம் போட வேண்டும் என்று விதி உண்டு. எல்லாரும் சந்தையும் சர்ச்சும் டீக்கடையும் உள்ள ஊராகப் பார்த்துப் போவார்கள். எனக்கு மலை வேண்டியிருந்தது. கள்ளிக்காட்டில் பஸ் இறங்கி, நெய்யாறு நீர்த்தேக்கத்தில் படகேறி அக்கரைக்குப் போனால் அங்கே காணிக்காரர் என்கிற மலைமக்களின் குடி ஒன்று உண்டு. ஓலை வேய்ந்த ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கூடமும் உண்டு. ஒன்பது மாணவர்களோடு ஒரு காலையில் போனேன். தண்ணீர் மேல் பனிமஞ்சு கிடந்தது. மலை தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. படகுக்காரர் துடுப்பை நிறுத்தியபோது எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. அந்த மயக்கம் அன்று சாயந்தரம் வரைக்கும் எனக்குத் தெளியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

குடியின் தலைவரை மூட்டுகாணி என்பார்கள். ஈச்சன் காணி என்ற அந்த மூட்டுகாணி எங்களுக்குத் தேன் தந்தார். தன் தங்கை பகவதியை எங்களோடு அனுப்பினார். பகவதிக்கு என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள். விரைவாக நடப்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

மாணவர்களில் சாந்தகுமார் படம் வரைவதில் கெட்டிக்காரன். துபாய்க் கம்பெனி ஒன்றில் வரைபட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மாமன் விசா அனுப்புவார் என்று அவன் சொல்லாத நாள் இல்லை. ஒரு பாறையில் பலகையை வைத்து நிறம் பூசத் தொடங்கினான். பாடப்புத்தக முறைதான். தண்ணீர் நீலம், பயிர் பச்சை, கட்டடம் சிவப்பு, தரிசு பழுப்பு. மரச்சீனிக் கிழங்கும் நெல்லும் மிளகும் நின்ற இடமெல்லாம் பச்சையாயிற்று. அதற்கு மேலே பெரிய சரிவு ஒன்று புதரும் கொடியுமாகக் கிடந்தது.

"அது என்ன நிலம்?" என்று பகவதியிடம் கேட்டேன்.

"அது உறங்குது டீச்சரே."

"உறங்குதா?"

"பின்னே! பாடுபட்ட மண்ணல்லியா? உறங்கட்டு."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "எழுதுங்க பிள்ளைகளே, எவ்வளவு அழகாப் பேசுறாங்க பாருங்க" என்றேன். ஒன்பது பேரும் நோட்டில் 'நாட்டுப்புற வழக்குகள்' என்ற தலைப்பின் கீழ் அதை எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்த கையோடு சாந்தகுமார் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "டீச்சர், இதுக்கு என்ன நெறம்?"

"தரிசுதானே. பழுப்பு பூசு" என்றேன்.

சாயந்தரப் படகில் திரும்பிவிட்டோம்.

அந்த வருஷம் ஸ்கூல் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. விருந்தினராக வந்த நில அதிகாரி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அக்கரைப் பகுதிக்கு ஆபீசில் இவ்வளவு தெளிவான படம் இல்லை, ஒரு நகல் தர முடியுமா என்று கேட்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சாந்தகுமார் இரண்டு நாளில் நகல் போட்டான். நான் கீழே கையெழுத்திட்டு, பதவியும் எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தேன். அதிகாரி சாந்தகுமாருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதித் தந்தார். துபாய்க் கம்பெனிக்குக் காட்ட இது போதும் என்று அவன் குதித்தான்.

சில மாதம் கழிந்து என் சித்தப்பா ஒரு பேயன் வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். எங்களுக்குக் கிடைத்ததுபோல அவருக்கு மண் கிடைக்கவில்லை. தோட்டத்து லைன் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகளோடு இருந்தார். "மக்களே, ஒனக்க படம் கொண்டு நமக்கும் மண்ணு கெடைக்கப் போவுது. அக்கரையில சும்மா கெடக்குத சரிவ நெலமில்லாதவங்களுக்குப் பங்கு வெச்சுக் குடுக்குதாங்க. லிஸ்டுல எனக்க பேரும் உண்டு" என்றார். குலையிலிருந்து ஒரு சீப்பைப் பிய்த்து என் கையில் வைத்தார். எனக்குக் கண் நிறைந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பழம் தின்றோம். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஈச்சன் காணியும் பகவதியும் ஸ்கூலுக்கு வந்தார்கள். படகும் பஸ்ஸும் நடையுமாக வந்து, பெரிய சார் அறை வாசலில் நின்றார்கள். சார் அவர்களை உட்காரவைத்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பகவதி என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "டீச்சரே, உறங்குத நெலத்துல கல்லு நாட்டுதாங்க. கேட்டா, உங்க டீச்சரு எழுதித் தந்ததாக்கும்ணு படத்த விரிச்சுக் காட்டுதாங்க. அந்த நெறம்ணா யாருக்கும் வேண்டாத மண்ணாமே? நீங்க எங்கிட்ட கேட்டிய, நான் சொன்னேன். பின்ன எதுக்கு இப்பிடி எழுதுனிய?"

நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. "நீங்க சொன்னதை எழுதியிருக்கேனே" என்று ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். பெரிய சார் வாங்கிப் படித்தார். நாட்டுப்புற வழக்குகள், எண் நான்கு: நிலம் உறங்குகிறது. பிறகு பரிசு பெற்ற படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, மூலையில் இருந்த நிறக்குறிப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

"இங்க தரிசுன்னு இருக்கு. யாரு சொன்னது?"

"நான்தான் சார்."

ஈச்சன் காணி அப்போதுதான் வாய் திறந்தார். நாலு வருஷம் பயிர் செய்த மண்ணை ஏழு வருஷம் உறங்க விடுவது அவர்கள் குடியின் முறை. உறங்கி எழுந்த மண்ணில் பயிர் வைத்துவிட்டு, அதுவரை பாடுபட்ட மண்ணை உறங்க விடுவார்கள். "உறங்குதது கையவிட்டுப் போச்சுண்ணா முழிச்சிருக்கதும் நாலு வருஷத்துல செத்துப்போவும் சாரே. பின்ன நாங்க எங்க போக?" என்று கேட்டார். பன்னிரண்டு நாளில் அதிகாரி நேரில் வந்து கடைசியாக விசாரிப்பார், அதற்குப் பிறகு நிலப் பட்டயம் எழுதிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

பெரிய சார் என்னிடம் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈச்சன் காணியிடமே கேட்டார். "இனி நாங்க என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

"டீச்சரு ஒரு நாள் பாத்து எழுதுனாங்க. எட்டு நாள் வந்து கெடக்கணும். நாங்க காட்டுதத பாக்கணும். பாத்தத நாங்க திருப்பிக் கேப்போம். சரியாச் சொன்னாத்தான் கடலாசுல எழுதணும்."

"செருப்பு வேண்டாம்" என்றாள் பகவதி. "கரையிலயே களத்திப் போட்டுட்டு வரணும்."

சார் அந்த இடத்திலேயே உத்தரவு எழுதினார். ஒன்பது மாணவர்களின் செய்முறைப் பயிற்சியும் அந்தக் குடியில். மதிப்பெண் போடுகிறவர் என்ற கட்டத்தில் அந்த இரண்டு பேரின் பேரையும் எழுதினார். "சார், விதியில இதுக்கு இடம் உண்டா?" என்று கேட்டேன். "மார்க்கு போடுதவருக்குப் பாடம் தெரிஞ்சிருக்கணும். அந்த விதி போதும்" என்றார். பேனாவை மூடப் போனவர் நிமிர்ந்து பார்த்து, "படிக்கிறவங்க பட்டியல்ல பத்தாவதா உங்க பேரையும் எழுதிக்கிடுங்க டீச்சர்" என்றார்.

அந்த எட்டு நாளை எப்படி எழுதுவது? நாள் நாளாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அது ஒரே நீண்ட காலைநேரம்போல நினைவிருக்கிறது. கரையில் பத்து ஜோடிச் செருப்பு. ஈர மண் பாதத்தில் பட்ட குளிர்ச்சி. முதல் நாள் பகவதி ஒன்றுமே சொல்லித் தரவில்லை. உறங்கும் சரிவுக்குள் கூட்டிக்கொண்டுபோய், ஆளுக்கொரு இடம் காட்டி உட்காரச் சொன்னாள். பேசக் கூடாது. வெயில் ஏறியது, இறங்கியது. என் மடிமேல் ஒரு கொடியின் நிழல் நகர்ந்து போயிற்று. எங்கோ தண்ணீர் ஓடியது, எங்கே என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் மண் மூச்சு விடுகிறது என்றே எனக்குத் தோன்றிவிட்டது. அதையும் நோட்டில் எழுதப் போனேன். பகவதி நோட்டை வாங்கி மடக்கி வைத்துக்கொண்டாள்.

கணவர் அனுப்பிய டேப் ரிக்கார்டரையும் கொண்டுபோயிருந்தேன். "அது என்னத்துக்கு?" என்றாள். நீங்கள் சொல்வதைப் பிடித்து வைக்கலாம் என்றேன். "பெட்டி படிச்சுக்கிடும். நீங்க?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். எட்டு நாளும் அது மூட்டைக்குள்ளேயே கிடந்தது.

உறக்கத்துக்கு வயது உண்டு என்று அவள் காட்டினாள். முதல் வருஷம் புல்லும், பழைய மரச்சீனிக் கட்டையில் முளைத்த தளிரும். அடுத்து கம்யூனிஸ்டுப் பச்சை என்று ஊரில் சொல்கிற செடி ஆள் மறைய வளர்ந்துவிடும். அதன் நடுவில் வட்டை மரம் தலைதூக்கும், இலை ஒவ்வொன்றும் சோறு போட்டு உண்ணலாம் என்கிற அளவு. வட்டை மணிக்கட்டுப் பருமன் என்றால் நாலு வருஷம். தொடைப் பருமனாகி, அதன் நிழலில் கம்யூனிஸ்டுப் பச்சை பட்டுப்போனால் ஏழு, விழிக்கிற காலம். "ஆனா கண்ணு பாத்தாப் போராது" என்று பெருவிரலால் மண்ணைக் கீறினாள். உள்ளே கரித்துண்டுகள். பயிர் வைக்குமுன் புதரை வெட்டித் தீயிட்ட கரி. கரி இருந்தால்தான் அது மனிதர் பாடுபட்ட மண். இல்லாவிட்டால் காடு. பிறகு நாங்கள் நடந்த இடமெல்லாம் கீறிக்கொண்டே நடந்தோம். என் பெருவிரல் நகம் கறுத்துப்போயிற்று. கஞ்சி குடிக்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "இது எத்தர வருஷம் சொல்லு, இது யாருக்க பங்கு சொல்லு" என்று கேள்வி கேட்டார்கள். தப்பாகச் சொன்னால் கூட்டமாகச் சிரிப்பார்கள். பாடம் நடத்தப் படித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நல்ல மருந்து.

சாந்தகுமாருக்கு நூறான் கிழங்கு தோண்டும் வேலை. ஆள் ஆழத்துக்குத் தோண்டி, கிழங்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, கொடியை வீசி எறிந்தான். பகவதி மார்க் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். "இவன் தோத்தான்" என்றாள். கிழங்கின் தலையைக் கொடியோடு அதே குழியில் திருப்பி வைத்து மண்ணிட்டு மூட வேண்டும், உறங்குகிறவள் மடியிலிருந்து எடுத்தால் திருப்பி வைக்காமல் போகக் கூடாது என்றாள். விசா வரப்போகிறவன் முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாள் விடியுமுன்னே போய், எறிந்த கொடியைத் தேடி எடுத்து நட்டுவிட்டு வந்தான். அவள் பார்த்துவிட்டு, "இப்ப ஜெயிச்சான்" என்றாள்.

எட்டாம் நாள் புதுப் படம் வரைந்தோம். உறங்கும் நிலத்துக்கு என்ன நிறம் என்று கேட்டோம். குடி முழுவதும் கூடிப் பேசி, நிறமே வேண்டாம், எந்தப் பங்கு எத்தனை வருஷமாக உறங்குகிறது என்று எண்ணை எழுதுங்கள் என்றது. ஒவ்வொரு பங்குக்கும் ஒருவர் எழுந்து நின்று சொல்ல, மற்றவர்கள் சரி என்ற பிறகே சாந்தகுமார் எழுதினான். முடித்ததும் தன் பெட்டியிலிருந்து அதிகாரியின் பாராட்டுக் கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தான். "தப்பான படத்துக்குக் கெடைச்சது டீச்சர். நீங்களே திருப்பிக் குடுத்திருங்க" என்றான். வேறு கடிதம் இல்லாமல்தான் பிறகு அவன் துபாய் போனான்.

விசாரணை அன்று இரண்டு படகில் ஆட்கள் வந்தார்கள். அதிகாரி, அவருடைய ஊழியர்கள், பெரிய சார், அப்புறம் பட்டியலில் பேர் இருந்த ஏழைகள். சித்தப்பாவும் வந்திருந்தார். கறை இல்லாத வேட்டி கட்டி, தலை வாரியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நல்ல சேலை உடுத்தி, செருப்புப் போட்டிருந்தேன். அரசாங்க அதிகாரி முன்னால் ஒரு ஆசிரியை வெறுங்காலோடு நிற்பதா என்று காலையில் எனக்குத் தோன்றியிருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "டீச்சரே, ஒப்பு ரெண்டும் நிங்களுடெ தன்னெயல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். இரண்டு கையெழுத்தும் என்னுடையவைதான் என்றேன். முதல் படம் தப்பு, மாணவன் தப்பு இல்லை, நான் பூசச் சொன்ன நிறம் என்றேன். சித்தப்பாவின் பக்கம் நான் பார்க்கவில்லை.

"எட்டு நாள் இவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு இவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். இதை நான் எப்படி நம்புவது?" என்றார் அவர். கேள்வி நியாயமானதுதான். பிறகு அவரே வழியும் கண்டார். "நான் காட்டுகிற மூன்று இடத்தில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு இந்த அம்மையைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். ஒத்துப்போகிறதா பார்ப்போம்."

பகவதியைக் கரையில் நிறுத்திவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஏறினார். முதல் இடத்தில் வட்டை மணிக்கட்டுப் பருமன். நாலு வருஷம் என்றேன், எழுதிக்கொண்டார். இரண்டாம் இடத்தில் செடி ஆள் உயரம், மரம் இல்லை. இரண்டு வருஷம். மூன்றாவது, சரிவின் மேல் ஓரம். தொடைப் பருமனில் வட்டை மரங்கள் வரிசையாக, ஒரே உயரத்தில் நின்றன. கீழே புதரே இல்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏழு வருஷம் உறங்குகிறது, விழிக்கிற காலம் என்று சத்தமாகச் சொன்னேன். பகவதிக்குக் கேட்க வேண்டும் என்றுகூட ஆசையாக இருந்தது.

பகவதியைக் கூப்பிட்டார்கள். முதல் இடம், நாலு. இரண்டாம் இடம், ரெண்டு. அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாம் இடத்தில் அவள் நின்றாள். பெருவிரலால் கீறினாள். தள்ளிப்போய் இன்னொரு முறை கீறினாள்.

"இது உறங்கவே இல்ல சாரே. இது ஒரு நாளும் முழிச்சதுமில்ல. இது காடாக்கும். பெரிய மரம் ரெண்டு மூணு காத்துல விழுந்து வெயில் எறங்குனதுல வட்டை ஒண்ணா மொளைச்சிருக்கு. எங்களுக்கது இல்ல."

என் காலடியில் கரி இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. செருப்புக்குள் இருந்த கால் எதைக் கீறும்?  என் ஒரு சொல்லால் அந்தக் குடியின் வழக்கே போயிற்று என்று நினைத்தேன். அங்கேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

அதிகாரி மலையாளத்தை விட்டுத் தமிழில் கேட்டார். "டீச்சர் இதையும் உங்களுக்குன்னு சொல்லிட்டாங்களே. ஆமான்னு சொல்லியிருந்தா இதுவும் உங்களுக்கு. வேண்டாமா?"

"டீச்சருக்குத் தெரியல்ல. தெரியாதத எழுதி எங்க மண்ணு போச்சு. தெரியாதத எழுதி நாங்க வாங்குனா, நாளைக்கு வேற ஒருத்தரு எழுதி எடுத்துக்கிடுவாரு."

 அதிகாரி தன் தாளில் நான் சொன்ன 'ஏழு' என்ற எண்ணை அடித்துவிட்டார். கீழே இறங்கியதும் மேசைமேல் கிடந்த என் பழைய படத்தின் பழுப்பின் குறுக்கே கோடு போட்டார். உறங்கும் நிலம் சாகுபடி நிலமே, குடியின் பேரில் எழுதப்பட வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். நான் சரியாகச் சொன்ன இரண்டும் எனக்குத் தெரியும் என்பதைத்தான் காட்டின. அவள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றுதான் அவரை நம்பவைத்தது. என் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு வரி ஏறியது. ஏற வேண்டியதுதான்.

ஆட்கள் படகுக்குத் திரும்பினார்கள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒனக்க அம்மைக்கு மண்ணு கெடைச்ச அண்ணைக்கு நான் சந்தோஷப்பட்டேன் மக்களே" என்றார். படகில் ஏறிவிட்டார். நாலு வருஷம் கழித்து அவருக்கு வேறிடத்தில் மண் கிடைத்தது. அதுவரை என்னோடு பேசவில்லை.  

பள்ளிக்கூடக் கொட்டகையில் பெரிய சார் மார்க் தாளை விரித்து உட்கார்ந்தார். ஒன்பது பேருக்கும் பகவதியும் ஈச்சன் காணியும் பேசிப் பேசி மார்க் சொன்னார்கள். ஒன்பது பேரும் ஜெயித்தார்கள். சார் பத்தாவது பேருக்கு வந்தார். மாணவர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள்.

"டீச்சரு தோத்தாச்சு" என்றாள் பகவதி.

சின்ன வயதிலிருந்து நான் ஒரு பரீட்சையில் தோற்றதில்லை. முதல் வகுப்புக் குழந்தைபோல அழுதுவிட்டேன். சார் தலை நிமிராமல் என் பேருக்கு நேரே 'மீண்டும் வர வேண்டும்' என்று எழுதினார்.

பகவதி என் கையைப் பிடித்தாள். "என்னத்துக்குக் கரையிதிய? ஜெயிச்ச பிள்ளையளு சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போவும், பின்ன இஞ்ச வராது. தோத்த ஆளுதான் டீச்சரே திரும்பி வரணும். நீங்க வரணும்."

அடுத்த வருஷம் புது மாணவர்களோடு போனேன். அதற்கடுத்த வருஷமும் போனேன். ஓய்வு பெறும் வரை எந்த வருஷமும் தவறவில்லை. போகும் காரணம் என்ற கட்டத்தில் 'ஆசிரியையின் மறுதேர்வு' என்றே எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் அவள் என்னை எங்காவது நிறுத்திக் கேட்பாள், நான் சொல்வேன். சில வருஷம் எல்லாமே சரியாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியும். பகவதி சாகும் வரைக்கும் எனக்குப் பாஸ் போடவேயில்லை.